தானே எழுதி, தானே படித்த பெட்டி

திருட்டுப் படம் போட்டு விற்றானாம்! அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் உள்ளேயே கிடந்தானாம். பிடிக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டானாம். நரம்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் வளையும். எதிர்வீட்டுக்காரி ஒன்று சொன்னாள், மாடிக்காரர் அதற்குக் கண், காது, மூக்கு வைத்தார், படி இறங்குவதற்குள் அது கைகால் முளைத்து நடக்க ஆரம்பித்துவிட்டது. மூட்டை மூட்டையாகத் தட்டு வாங்கினானாம். மூட்டையா? ஐம்பது டிவிடி தட்டை ஒரு குச்சியில் கோத்து அடுக்கிய டப்பா, ஒன்றே ஒன்று. அதையும் பகலில், எல்லோரும் பார்க்க, கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தான். திருடுகிறவன் அப்படியா வருவான்?

இல்லை என்றால் இல்லைதான். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

அவன் கண்ணாடிக்காரன். கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவன். முன்னால் பளபளவென்று விளக்குப் போட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணாடிச் சட்டம் விற்கிறவர்கள் வேறு. இவன் இருந்தது சன்னல் இல்லாத அறை. தேய்க்கும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளைச் சேறு நகக்கண்ணில் ஏறி, எவ்வளவு கழுவினாலும் போகாது. யாருடைய கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று துண்டுச் சீட்டு வரும். முகம் வராது. முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன், அவர்களில் ஒருத்தரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

ஐம்பத்தொன்று முடிந்திருந்தது. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் தள்ளியே போய்விட்டது. இரண்டாம் மாடியில் இரண்டு அறை. நாற்காலி இரண்டு, அதில் ஒன்று துவைத்த துணிக்கு. சமைக்கிற அன்றைக்கு ஒரு பாத்திரம் அதிகமாக ஆகிவிடும், மறுநாளும் அதையே சாப்பிடுவான். வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஒரு தம்ளர் இடம் மாறாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அவனுக்கு ஒரு அக்கா. ரயிலில் ஏறினால் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் இருந்தாள். அம்மா போனபின் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அவளும் புருஷனை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல் தனியாகத்தான் இருந்தாள். அப்படியென்றால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார்கள். அவர்கள் அப்பா சொல்லி வளர்த்தது அது. கேட்டு வாங்கினால் அது கொடுத்ததாகாது, பிடுங்கியதாகும் என்பார். பசிக்கிறது என்றுகூட அந்த வீட்டுப் பிள்ளைகள் சொன்னதில்லை. பார்த்துப் போட்டால் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். ரோஷம் இருக்க வேண்டியதுதான். அதற்காக வாயைத் தைத்துக்கொள்வதா?

ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார்கள். அதைப் பேச்சு என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா. நீ?"

"ஆச்சு. மழையா அங்க?"

"இல்ல."

"இங்கயும் இல்ல. சரி, வச்சிடட்டுமா?"

இப்படி இருந்தவனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு சின்ன கேமரா வாங்கினான். அதன் முன்னால் உட்கார்ந்தபோது, அதிசயம், வாய் திறந்துகொண்டது. எதிரில் ஆள் இல்லாவிட்டால் சிலருக்கு நன்றாகப் பேச்சு வரும். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பேசினான், கடையில் முதலாளி மகன் லென்ஸைத் தலைகீழாக மாட்டியதைப் பேசினான், தெருவில் லாரி சிக்கிக்கொண்டு அரை நாள் ஊரே நின்றதைக் காட்டினான். மாதம் ஒரு தட்டு. கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்தியிருந்த டிவிடி ரைட்டரில் எழுதி, எழுதியதை அதிலேயே திரும்ப ஓட்டி முழுக்கப் பார்த்து, ஒரு படியை அக்காவுக்குத் தபாலில் அனுப்புவான், இன்னொன்றை அலமாரியில் வைப்பான். அக்காவுக்கென்று ஒரு டிவிடி பிளேயரும் வாங்கி அனுப்பியிருந்தான். டிவியில் மாட்டிக் கொடுக்க ஆள் வைத்ததும் அவன்தான்.

"தட்டு வந்துச்சாக்கா?"

"வந்துச்சு, பார்த்தேன். நல்லா இருந்துச்சுடா. ஆனா ரொம்ப இளைச்சுப் போயிட்ட."

இவனோ அந்த வருடம் பெருத்து, பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தியிருந்தான். அக்காவின் கண்ணுக்குத் தம்பி எப்போதும் இளைத்துத்தான் தெரிவான் என்று நினைத்துக்கொண்டான். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே மறுமாதத் தட்டைச் சீக்கிரம் அனுப்புவான்.

இருபத்து மூன்றாவது தட்டில்தான் அதைக் கேட்டான். பிறந்ததிலிருந்து கேட்காதவன் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டான். "அக்கா, இங்க எனக்குன்னு யாரு இருக்கா? நான் அங்கயே வந்து உன்கூட இருந்துடட்டுமா? உனக்குச் சரின்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு, கேமராவை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். எழுதினான், ஓட்டிப் பார்த்தான், அனுப்பினான். ஒன்பது நாள் போன் பக்கத்திலேயே கிடந்தான்.

"பார்த்தேன்டா. நல்லா இருந்துச்சு. இளைச்சுப் போயிட்ட. சரி, வச்சிடட்டுமா?"

அவ்வளவுதான்.

கேட்டது தப்பு, அப்பா சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் கதவை அடைத்துக்கொண்டான். தட்டு அனுப்புவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கோபம் என்று அவள் நினைப்பாளே! ஆனால் அதற்கப்புறம் அனுப்பியவற்றில் அவன் முகம் இல்லை. சன்னலில் கேமராவை வைத்துத் தெருவைப் பிடித்தான். போகிற வருகிற சனங்கள், நிற்கிற வண்டிகள். குரல்கூட இல்லை. அப்படி எட்டு மாதம், எட்டுத் தட்டு. மொத்தம் முப்பத்தொன்று.

இதற்குள் அந்த ரைட்டர் பெட்டிக்கு வயதாகிவிட்டது. தட்டை வைக்கிற நாக்கு வெளியே வர மறுத்தது. குண்டூசியை ஓட்டையில் குத்தினால்தான் நீட்டும். பாதி எழுதிவிட்டு நின்றுவிடும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று கம்ப்யூட்டர் கடைக்குப் போனான்.

கடைக்காரர் பேச்சில் கெட்டி. "சார், இது புதுசு. சத்தமே வராது. ஏழு நாள் வீட்ல வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா டப்பாவோட கொண்டாங்க, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

"ஏழு நாளும் பார்ப்பேன்."

"பாருங்க சார். பொண்ணு பார்க்கிற மாதிரி பாருங்க."

விளையாட்டுக்குச் சொன்னார். இவன் நிஜமாகவே பார்த்தான். ஒரு வாரம் லீவு போட்டான். சிபியூவின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டி, பழைய பெட்டிக்கு அடியில் காலியாக இருந்த பொந்தில் புதியதைச் செருகி, நாலு ஸ்க்ரூவும் போட்டு முடுக்கினான். நாடா மாதிரி அகலமான ஒரே வயரில் இரண்டையும் மாட்டினான். பழையதைக் கழற்ற மனசு வரவில்லை. மேலே கிழம், கீழே புதுசு, மாமியாரும் மருமகளும் போல ஒரே வீட்டில் இருந்தன.

ஒரு நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டினான். சத்தம் எப்படி, சூடு எப்படி, நாக்கு எத்தனை தடவை ஒழுங்காக நீட்டியது, ஒரு தட்டு எழுத எத்தனை நிமிடம். வேகமாக எழுதச் சொன்னால் ஆறு நிமிடம், நிதானமாக என்றால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் எதிரில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். எழுதி முடித்ததும் பெட்டி தானாக நாக்கை நீட்டும். அந்த வீட்டில் அவனிடம் எதையாவது நீட்டுகிற ஒரே பொருள் அதுதான். "ஆச்சா? கொண்டா" என்று வாய்விட்டே சொல்லி வாங்கிக்கொள்வான். எதிர்வீட்டுக்காரி கதவில் காதை வைத்துக் கேட்டது இதைத்தான். உள்ளே யாருக்கோ படம் விற்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள், மகராசி.

எல்லாக் கட்டத்திலும் புதிய பெட்டிக்கு நல்ல மார்க். ஒன்றே ஒன்றில்தான் சறுக்கியது. பழைய தட்டைப் படிக்கிறதா பார்க்கலாம் என்று அலமாரியில் இருந்த முதல் தட்டை அதில் வைத்தான். உள்ளே இழுத்துக்கொண்டது, கரகரவென்று சுற்றியது, யோசித்தது, வெளியே துப்பிவிட்டது. இரண்டாவதைப் போட்டான், துப்பியது. முப்பத்தொன்றையும் துப்பியது. மேலே இருந்த கிழட்டுப் பெட்டியில் போட்டால் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி ஓடியது.

புதுசுதான் பழுது என்று தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொன்று கொடுத்தார். அதுவும் துப்பியது.

லீவு முடிந்து வேலைக்குப் போனவனுக்குக் கை ஓடவில்லை. கண்ணாடிக் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லென்ஸைத் தேய்த்தவனே சோதிக்கக் கூடாது. தேய்த்ததைச் சுவரில் இருக்கும் சின்னத் திறப்பு வழியே அடுத்த அறைக்குத் தள்ள வேண்டும். அங்கே ஒரு அம்மாள் பவர் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்து, சரியென்றால் முன்னால் அனுப்புவாள், இல்லையென்றால் திருப்பித் தள்ளுவாள். வாய்த்துடுக்கு. ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள்.

அன்றைக்கு மூன்றைத் திருப்பித் தள்ளினாள். திறப்பில் முகத்தையும் வைத்தாள்.

"என்னய்யா, லீவுல போயி கண்ண எங்கயாவது அடகு வச்சிட்டு வந்தியா? மூணு திரும்புது."

அவன் விஷயத்தைச் சொன்னான். புதுப் பெட்டி இரண்டுமே பழுது, பழைய தட்டைப் படிக்கமாட்டேன் என்கிறது என்றான்.

"அந்தத் தட்டெல்லாம் நல்லா இருக்குன்னு யாரு பார்த்துச் சொன்னது?"

"நான்தான். ஒவ்வொண்ணையும் முழுசா ஓட்டிப் பார்ப்பேன்."

"எதுல?"

"எழுதினதுலயேதான்."

அந்த அம்மாள் சிரித்தாள். "அடப்பாவி! நீயே தேய்ச்சு, நீயே பார்த்து, நீயே நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டியா? இங்க ஒரு நாளாச்சும் உன்னை அப்படி விட்டிருக்கேனா?"

அவன் சிரிக்கவில்லை. சக்கரத்தை நிறுத்தினான். முப்பது வருடம் கைவந்த கட்டுப்பாட்டை, வீட்டுப் படியேறும்போது செருப்போடு வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சாயங்காலம் இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். திருப்பித் தர டப்பாவைக் காணோமே என்று கடைக்காரருக்கு ஆச்சரியம். கடையில் இருந்த நாலு பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். டிவியில் மாட்டுகிற பிளேயரிலும் போட்டார். எல்லாம் துப்பின.

"சார், புதுசு ரெண்டும் நல்ல பெட்டிங்க. உங்க பழசுதான் கோணல். உள்ள இருக்கிற ஒளி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கு. கோணலா எழுதும், அதே கோணல்ல படிச்சுக்கும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. மத்த யாராலயும் படிக்க முடியாது."

"எப்பலேர்ந்து அப்படி?"

"வாங்கின நாள்லேர்ந்தே இருக்கலாம் சார்."

அவன் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். அப்படியானால் அக்கா எதைப் பார்த்தாள்? எது நல்லா இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணினான். நேராகக் கேட்கத் தெரியாதே, சுற்றி வளைத்தான்.

"அக்கா, கடைசியா அனுப்பின தட்டுல நான் என்ன சட்டை போட்டிருந்தேன்?"

"நீலமாடா?"

"அதுல நானே இல்லக்கா. தெருவத்தான் பிடிச்சிருந்தேன்."

அக்கா உடைந்தாள்.

"ஒண்ணுகூட ஓடலடா. போட்டா டிவியில என்னமோ இங்கிலீஷ்ல நாலு எழுத்து வரும், அப்படியே நிக்கும். முந்தானையால தொடச்சுப் போட்டேன், திருப்பிப் போட்டேன், பெட்டியத் தட்டிப் பார்த்தேன். நீ ஆசையா வாங்கி அனுப்பின பெட்டிய நான்தான் கெடுத்துட்டேன்னு நினைச்சேன். யாரக் கேக்கறது? தம்பி அனுப்பினதைப் போடத் தெரியல பாருன்னு சிரிப்பாங்க."

"இளைச்சுப் போயிட்டேன்னு சொன்னியேக்கா, மாசாமாசம்?"

"தனியா கிடக்கிறவன் இளைக்காம எப்படி இருப்பான்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"எல்லாத்தையும் அடுக்கி வச்சிருக்கேன்டா. ஒண்ணையும் தூக்கிப் போடல. அப்படி என்னதான் பேசியிருந்த அதுல?"

இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.

"சும்மாதான்கா."

"முப்பத்தொண்ணுலயும் சும்மாவா?"

"திரும்ப எழுதி அனுப்பறேன். இந்தத் தடவை ஓடும்."

போனை வைத்தபோது அவனுக்கு ஒன்று விளங்கியது. அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. எட்டு மாதம் அவன் சுமந்தது இல்லாத பதிலை.

இருபத்து மூன்றாவதைத்தான் முதலில் எடுத்தான். மேலே கிழட்டுப் பெட்டி படித்துக் கொடுக்க, கீழே புதியது எழுதியது. ஆனால் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட அவன் இனித் தயாராக இல்லை. மறுநாள் கடைக்காரரிடம் கொண்டுபோனான்.

"வேற பெட்டியில போட்டுக் காட்டுங்க. சத்தத்த மட்டும் குறைச்சிடுங்க."

முதல் பெட்டி படித்தது. இரண்டாவதும் படித்தது. டிவிப் பிளேயரும் படித்தது. கடையில் மாட்டியிருந்த பெரிய டிவியில் அவன் முகம் வந்து, வாய் அசைந்தது. லென்ஸ் தேய்த்த கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. கேட்டு முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான் டிவிக்குள் இருந்த ஆள். வெளியே நின்றவன் அந்த ஆளைப் பார்த்தான். யாரென்றே தெரியாதவனாக இருந்திருந்தால், இவனுக்கு யாராவது ஒரு வாய் பதில் சொல்லுங்களேன் என்று பாவப்பட்டிருப்பான்.

"படம் சுத்தமா வருது சார். சத்தமும் பார்த்துடலாமா?"

"வேணாம்."

"அப்ப பெட்டி?"

"நல்ல பெட்டி. நான் வச்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்து உறையில் போட்டு, ஒட்டி, விலாசமும் எழுதினான். தபால் பெட்டி தெருமுனையில்தான். செருப்பைக்கூட மாட்டிவிட்டான். அங்கேதான் நின்றான்.

இந்தத் தடவை ஓடும். அதுதான் பயமாக இருந்தது. ஓடாத தட்டில் எதையும் கேட்டுவிடலாம். இதை அக்கா பார்ப்பாள், கேட்பாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போனில் வந்து, பழக்கதோஷத்தில், பார்த்தேன்டா நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டால்? அதற்கு என்ன அர்த்தம் என்று மறுபடி எத்தனை மாதம் சன்னல் வழியே தெருவைப் பிடிப்பது? அவளுக்கும் அதே அப்பா, அதே வளர்ப்பு. போனில் அவளாலும் சொல்ல முடியாது, இவனாலும் கேட்க முடியாது. எதிரில் நின்றால் முகம் இருக்கும். வாய் பொய் சொன்னாலும் முகத்தால் பொய் சொல்லி அவள் பழகவில்லை.

உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தான். பையை எடுத்தான். நாலு சட்டை, துண்டு, சவரப் பெட்டி. கம்ப்யூட்டரை அணைத்து, சுவரில் இருந்து வயரைப் பிடுங்கினான். துணி போடுகிற நாற்காலியைக் காலி பண்ணி, நாற்காலி மாதிரி நிமிர்த்தி வைத்தான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்து மூடியது. மூடட்டும்.

கீழே படிக்கட்டுக்கு அடியில் இஸ்திரிக்காரர் யாருடைய பேன்ட்டையோ மடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் இவன் அவரிடம் துணியைக் கொடுப்பதும் வாங்குவதும்தான், பேசியதில்லை.

"என்ன சார், பையோட? வெளியூரா?"

"அக்கா வீட்டுக்கு."

"அப்படியா! அக்கா இருக்காங்களா உங்களுக்கு? எத்தனை நாளு?"

அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"கேட்டாத்தான் தெரியும்" என்றான். வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினான்.